யாருக்கு யாரோடு பேச்சில்லை

போன வாரம் மலையடியில் நீங்கள் சிரித்தது எனக்குக் கேட்டது.

பெண்கள் பழம் பறிக்கக் கூடை வாங்க வரிசையில் நின்றார்கள். மங்கம்மா வழக்கம்போலக் கேட்டாள், "யாருக்கு யாரோட பேச்சில்ல?" புதிதாகக் காவலுக்குச் சேர்ந்த நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். "இன்னாக்கா, இது ஸ்கூலா? வெயில் ஏறுது, கூடையக் குடுத்து அனுப்பு" என்று ஒரு பிள்ளை சொன்னது. மங்கம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் புளியமரத்தடியில் நின்றிருந்தேன். அங்கேயே சொல்லியிருப்பேன். பெண்கள் நடுவில் சொல்கிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. மிஷன் ஸ்கூலில் நாலாவது வரை தமிழ் படித்தேன். அதற்கப்புறம் படித்தது வேதப்புத்தகம் மட்டும்தான். மூட்டு தேய்ந்துபோய் இந்தக் காவல் வேலையை விட்டேன். வீட்டில் உட்காரச் சொல்கிறார்கள். உட்கார முடியவில்லை. காலையில் எழுந்ததும் மலை தெரிகிற பக்கம் போய் நிற்கிறேன். திரும்பி வருகிறேன். மறுபடி போகிறேன். "கால்ல சக்கரமா கட்டிக்கீது" என்று மருமகள் கேட்கிறாள். இதை எழுதும்போதும் நடுநடுவே எழுந்து போய்த்தான் வருகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மலையின் சீதாப்பழம் ஒரு காலத்தில் குத்தகைக்காரர் கையில் இருந்தது. நாங்கள் கூலிக்குப் பறித்தோம். பிஞ்சு, காய் எதையும் விடமாட்டார். கரடி வரக்கூடாது என்று புல்லுக்கு நெருப்பு வைப்பார். பறிப்பு முடிந்தால் எங்களுக்கு வேலை இல்லை. குப்பம் ஸ்டேஷனில் ரயில் ஏறி பெங்களூருக்குச் சிமென்ட் சட்டி தூக்கப் போவோம். பிள்ளைகளும் கூடவே வரும். பள்ளிக்கூடத்தில் பேர் மட்டும் இருக்கும்.

பிறகுதான் மலையைப் பெண்கள் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். காட்டு ஆபீசில் இருந்து ஒரு தெலுங்கு அம்மா வந்தார். இதோ இந்தப் புளியமரத்தடியில் உட்கார்ந்து பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலும் சொன்னார். பழம் உங்களுடையது. வெள்ளைப் பாறைக்கு மேலே இருப்பது மிருகத்துடையது. நெருப்பு வைக்காதீர்கள், கண்ணி வைக்காதீர்கள். மனுஷர் கையால் ஒரு மிருகம் செத்தால் மலை திரும்ப எங்களிடம் வந்துவிடும். அவ்வளவுதான். நாங்கள் சரி என்றோம்.

அதன் பிறகு பழம் கண் திறந்தால்தான் பறித்தோம். தோலில் வரி வெளுத்து விரிகிறதே, அதைத்தான் கண் திறப்பது என்கிறோம். நல்ல பழம் நல்ல விலைக்குப் போனது. சாந்திபுரம் சந்தையில் எங்கள் கூடைக்காகக் காத்திருந்தார்கள். ஒருத்தி ஆடு வாங்கினாள். ஒருத்தி மல்பெரி வைத்துப் பட்டுப்பூச்சி வளர்த்தாள். பெங்களூர் ரயிலில் எங்கள் ஊர்க்கூட்டம் குறைந்தது. இதெல்லாம் நீங்கள் பிறந்து வளர்ந்த காலத்தில் நடந்ததுதான். உங்கள் அம்மாக்களைக் கேளுங்கள்.

மலையில் எங்களுக்கு ஒரே ஒரு சட்டம். வாய் ஓயக்கூடாது.

கரடி கெட்டது இல்லை. தின்னும்போது அதற்கு வேறு நினைப்பு இருக்காது. தலையைப் புதருக்குள் விட்டால் நாம் பக்கத்தில் போகிறவரை தெரியாது. திடீரென்று பார்த்தால் பயந்துபோய் நம் மேல் விழும். தூரத்திலேயே மனுஷ சத்தம் கேட்டால் தானாக மேலே போய்விடும். அதனால் பறிக்கிறவர்கள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் பெண்களுக்கு இது பிடித்துப்போனது. வீட்டில் பேச முடியாததை எல்லாம் மலையில் பேசினார்கள். மாமியாரைத் திட்டினார்கள். புருஷனைப்போலப் பேசிக் காட்டினார்கள். ஊரில் வீடு எந்த வரிசையோ மலையிலும் அதே வரிசை. யார் குரல் எங்கிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.

மங்கம்மா வீடும் சுகுணா வீடும் பக்கத்துப் பக்கம். அண்ணனைக் கட்டியவள் மங்கம்மா. தம்பியைக் கட்டியவள் சுகுணா. ஓரகத்திகள். மங்கம்மாவின் ஆடு ஒரு நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் சுகுணாவின் மல்பெரியைத் தின்றுவிட்டது. பட்டுப்புழு தோலுரிக்கிற கடைசித் தூக்கம் எழுந்து இலை கேட்கிற நேரம். இலை இல்லை. புழு எல்லாம் சுருண்டுபோனது. அந்த ஆடு வந்ததும் பழத்தில்தான். அந்த மல்பெரி வந்ததும் பழத்தில்தான். ஒன்றும் இல்லாத காலத்தில் இந்தச் சண்டைக்கே வழி இருந்திருக்காது.

வாய்ச்சண்டை போட்டிருந்தால் தேவலை. அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எங்கள் பக்கம் ஓரகத்திகளுக்குள் பேச்சு நின்றால் யாரும் நடுவில் போவதில்லை. யார் முதலில் வாய் திறக்கிறாளோ அவள் தோற்றவள். ஊரே வேடிக்கை பார்க்கும்.

அந்த ஆவணியில் ஒரு நாள் காலை. எல்லா வரிசையிலும் பேச்சும் சிரிப்பும். அவர்கள் இரண்டு பேர் வரிசையில் மட்டும் சத்தம் இல்லை. மற்றவர்கள் போட்ட சத்தத்தில் அது யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் அலறல்தான் கேட்டது.

நான் போவதற்குள் மங்கம்மா தொரட்டிக் கோலால் கரடியை அடித்து விரட்டியிருந்தாள். சுகுணாவின் கன்னம் கிழிந்து தொங்கியது. ஒரு கண் தெரியவே இல்லை, அவ்வளவு ரத்தம். மங்கம்மா அவளை முதுகில் போட்டுக்கொண்டு இறக்கினாள். வேறு யாரையும் தொடவிடவில்லை. இறங்குகிற வழி முழுக்க அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

திருப்பதியில் வைத்தியம். கண் பிழைத்தது. கன்னத்தில் தையல். சுகுணாவின் புருஷன் வெங்கடேசு, கண் வந்தால் திருமலைக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தான். நடந்து போய் முடி கொடுத்துவிட்டு வந்தான். சுகுணா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு உள்ளேயே இருந்தாள்.

அதற்குப் பிறகுதான் நான் மலையடியில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தேன். யாருக்கு யாரோட பேச்சில்ல. பேச்சில்லாதவர்களைப் பக்கத்து வரிசையில் விடக்கூடாது என்று நினைத்தேன். யாரும் பதில் சொல்லவில்லை. தரையைப் பார்ப்பார்கள். பேச்சில்லை என்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள்வதும் தோற்ற மாதிரிதானே. தினமும் கேட்டேன். தினமும் தரையைப் பார்த்தார்கள். மங்கம்மாவும் பார்த்தாள்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சபையில் ஆராதனை முடிந்து வெளியே வருகிறேன். வாசலில் ஒருவர் சொன்னார், "வெங்கடேசு கெணத்துல கரடி வுழுந்துகீது." வெள்ளைப் புடவையோடு அப்படியே ஓடினேன். அப்போது ஓட முடியும்.

கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறு. முந்தின நாள் கழித்துப்போட்ட பழத்தை யாரோ அந்த வரப்போரம் கொட்டியிருக்கிறார்கள். வாசனைக்கு வந்து, விடியலில் தவறி விழுந்திருக்கிறது. கழிவுப் பழத்தைக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்கிறோமே, அது இதனால்தான்.

கரடி மோட்டார் பைப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. கழுத்துவரை தண்ணீர். கொஞ்சம் ஏறும், வழுக்கும், முழுகும், மறுபடி வந்து பைப்பைப் பிடிக்கும். மூச்சு மேலேவரை கேட்டது. சுற்றிலும் ஊர் நின்றது. ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் வீட்டில். எல்லார் கையிலும் போன். யாரோ கல் போட்டார்கள். கல் விழுந்ததும் கரடி அலறியது. சிரித்தார்கள். இன்னொரு கல் விழுந்தது.

கிணற்றோரம் வெங்கடேசு உட்கார்ந்திருந்தான். மொட்டைத் தலையில் துண்டு. கையில் கடப்பாரை. கிணற்றுக்குள் இறங்குவதற்கு அவன் கட்டி வைத்திருந்த நீளமான ஏணி கீழே கிடந்தது. அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தான்.

காட்டு ஆபீசில் இருந்து எங்கள் மலைக்குப் பொறுப்பான பீட் ஆபீசர் தம்பி பைக்கில் வந்தான். ஒற்றை ஆள். நல்ல பிள்ளை. வந்ததும் திருப்பதியில் மிருக டாக்டருக்குப் போன் போட்டான். தள்ளி நின்று பேசிவிட்டு வந்தான்.

"அக்கா, வலையோட வண்டி வர சாயங்காலம் ஆவுமாம். அதுவரைக்கும் தாங்காது. ஏணிய எறக்கிட்டு, சுத்துப்பட்டுல ஆளே இல்லாம பண்ணுங்கன்னு டாக்டர் சொல்றாரு. அதுவே ஏறிப் போயிடுமாம். ஆள் இருந்தா ஏறாது. ஏறுனாலும் ஆள் மேலதான் வுழும்."

ஏணி வேண்டும். கூட்டம் போக வேண்டும். இரண்டுதான் வேலை. இரண்டும் நடக்கவில்லை.

அவன் லத்தியைக் காட்டினான். கூட்டம் பின்னால் போனது. திரும்பினான். கூட்டமும் திரும்பி வந்தது. நான் கத்தினேன். என் சத்தத்தையும் போனில் பிடித்தார்கள். நான் கிணற்றுக்கும் வரப்புக்குமாக நடந்தேன். பைப் வழுக்குகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் என் கை தானாக எதையாவது பிடிக்கப்போகும். மலை போய்விட்டது என்றே நினைத்தேன். மறுபடியும் ரயில், மறுபடியும் சிமென்ட் சட்டி.

அப்போதுதான் மங்கம்மாவைப் பார்த்தேன். அவள் யாரிடமும் பேசவில்லை. நேராகப் போய்த் தன் புருஷன் கையில் இருந்த கல்லைப் பிடுங்கிப் போட்டாள். அவன் துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். அவன் போனான்.

இதைத்தான் உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டும். கூட்டத்தோடு பேசாதீர்கள். நமக்குக் கூட்டத்தைத் தெரியாது. ஆளைத்தான் தெரியும்.

பழம் பறிக்கிற பெண்களும் அங்கேதான் நின்றார்கள். தனியாகக் கூப்பிட்டேன்.

"ஊர யாரும் வெரட்ட வாணாம். அவங்கவங்க வூட்டு ஆள மட்டும் கூட்டிக்கினு போங்க."

"எங்க ஆளு என் பேச்ச கேட்டா நான் ஏன்க்கா மலை ஏறப்போறேன்" என்றாள் ஒருத்தி.

"சோறு ஆறிப்போவுதுன்னு சொல்லு."

"அவரு எப்பவும் ஆறுன சோறுதான் துன்றாரு."

"கோழி அடிச்சிக்கீதுன்னு சொல்லு."

"புரட்டாசியிலயா? பெருமாளு சும்மா வுடுவாரா?"

"என் பேரச் சொல்லி, எஸ்தரு வூட்டுல அடிச்சிக்கீதுன்னு சொல்லு."

"அப்ப பாதி ஊரு உன் வூட்டுக்குத்தான் வரும். ரெடியா இருந்துக்கோ."

சிரித்துக்கொண்டே பிரிந்தார்கள். ஒருத்தி புருஷன் காதில் என்னவோ சொன்னாள், அவன் முகம் மாறி வேகமாக நடந்தான். ஒருத்தி மகன் கையில் இருந்த போனைப் பிடுங்கி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள், அவன் பின்னாலேயே போனான். ஒரு மாமியார் மகனைப் பார்த்து ஒப்பாரியே வைத்தார். கொஞ்ச நேரத்தில் கிணற்றைச் சுற்றி மிதிபட்ட வேர்க்கடலைச் செடிதான் இருந்தது.

வெங்கடேசு மட்டும் எழுந்திருக்கவில்லை.

"ஏணிய குடு வெங்கடேசு."

"போக்கா. உனுக்கு இது புரியாது. நான் நடந்து போயி முடி குடுத்துட்டு வந்தேன். இந்தா, சாமியே கொண்டாந்து என் கெணத்துல போட்டுக்கீது."

"அதே கரடின்னு எப்டி சொல்ற?"

"எதுவா இருந்தா இன்னா."

"செத்துச்சின்னா உன்ன புடிச்சிக்கினு போவாங்க. மலை போவும்."

"போவட்டும். உங்களுக்கெல்லாம் பழம். எனுக்கு அவ மூஞ்சி."

பீட் ஆபீசர் தம்பி ஏணியைத் தொடப்போனான். வெங்கடேசு கடப்பாரையைத் தூக்கினான். நான் அந்தத் தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தினேன். பிடுங்கி எடுத்திருந்தால் கரடி பிழைத்திருக்கலாம். அந்த வீட்டோடு எங்களுக்கு ஆயுசுக்கும் பகைதான் மிஞ்சியிருக்கும். பகையோடு மலையைக் காக்க முடியாது. கரடி தாங்குமா என்று கிணற்றைப் பார்த்தேன். பைப்பைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. நான் சுகுணா வீட்டுக்கு ஓடினேன்.

அவள் அடுப்படியில் இருந்தாள். முந்தானை கன்னத்தில் இருந்தது. எழுந்திருக்கவில்லை.

"பழம் போயிடும்னு வந்தியா?" என்று கேட்டாள்.

வழியெல்லாம் வேறு என்னென்னவோ சொல்ல யோசித்துக்கொண்டு வந்தேன். வாயில்லா ஜீவன் என்று சொல்லலாம். உன் புருஷன் ஜெயிலுக்குப் போவான் என்று சொல்லலாம். அவள் அப்படிக் கேட்டதும் அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"ஆமா" என்றேன்.

"என் மூஞ்சி போச்சே. அப்ப எங்க போயிருந்த?"

"மலையிலதான் இருந்தேன். எனுக்குக் கேக்கல."

அவள் அடுப்பைப் பார்த்தாள். "அவங்களுக்குத் தெரியும்" என்று மங்கம்மா வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "எங்க அக்காவுக்கு. கரடி நின்னத பாத்துட்டுத்தான் கம்முனு இருந்தாங்க."

"கேட்டியா?"

"பேச்சே இல்ல. எப்டி கேக்கறது?"

"எனுக்குத் தெரியாது சுகுணா. கரடிய மன்னிச்சிடுன்னு நான் சொல்ல வரல. ஏணி வோணும். உன் ஆளு அது மேல உக்காந்துகினு கீறாரு."

நான் வெளியே வந்து நின்றேன். நிற்கவும் முடியவில்லை. வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்தேன். இரண்டாவது வார்த்தை சொல்லி இழுத்திருந்தால் அவள் வந்திருக்கமாட்டாள். அவள் வராவிட்டாலும் நான் அவளைக் குற்றம் சொல்லியிருக்கமாட்டேன். இதை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். அடிபட்டவர் வீட்டு வாசலில் நிற்கும்போது உங்களுக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் கேளுங்கள். அவர்கள் மனசு மாற வேண்டும் என்று கேட்காதீர்கள். அது நம் வேலை இல்லை.

சுகுணா வெளியே வந்தாள். அடிபட்ட பிறகு முதல் தடவையாகத் தெருவில் நடந்தாள். மூடிய வீடுகளில் இருந்து எல்லாரும் பார்த்தார்கள். அவள் முந்தானையை எடுத்துவிட்டாள்.

கிணற்றோரம் வந்து கீழே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கரடி மூச்சு வாங்கியது. வெங்கடேசு கடப்பாரையை அவளிடம் நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. "நீ வேண்டிக்கினது என் கண்ணுக்கா, கரடிக்கா?"

அவன் கடப்பாரையைத் தாழ்த்தினான்.

"கண்ணுக்குத்தான வேண்டிக்கின. கண்ணு வந்துச்சி. கணக்கு முடிஞ்சிச்சி. எழுந்து வா. பசிக்குது."

அவன் துண்டால் மொட்டைத் தலையைத் துடைத்தான். எழுந்தான். கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் போனான். போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

மங்கம்மா புருஷனை வீட்டில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்திருந்தாள். எதிரே சுகுணா. இரண்டு பேரும் வரப்பில் நேருக்கு நேர் வந்தார்கள். மங்கம்மா வரப்பை விட்டுச் செடிக்குள் இறங்கி வழி விட்டாள். பேசவில்லை.

நானும் மங்கம்மாவும் அந்தத் தம்பியும் ஏணியைக் கயிறு கட்டி மெதுவாக இறக்கினோம். கரடி உறுமியது. ஏணி அடியில் ஊன்றியதும் கயிற்றை விட்டுவிட்டு ஓடி, பட்டுப்பூச்சிக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். கொட்டகையில் புழு இல்லை. காலித் தட்டுகள் அடுக்கியிருந்தன. மங்கம்மா அந்தத் தட்டுகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

நான் உட்காரவில்லை. கதவுக்கும் சுவருக்கும் நடந்தேன். சந்தில் கண்ணை வைத்துப் பார்க்கப்போனேன். அந்தத் தம்பி கையைப் பிடித்தான். "வத்தக்கா. கூச்சோ" என்றான், வேண்டாம் உட்கார் என்று தெலுங்கில். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். மறுபடி உட்கார வைத்தான். என் வயசுக்கு அவன் மகன் மாதிரி. அன்றைக்கு அவன்தான் எனக்குப் பெரியவன். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் இந்த வேலையில் கஷ்டமான வேலை. எனக்கு அது கடைசிவரை வரவில்லை. உங்களுக்காவது வரட்டும்.

தண்ணீர் கலங்குகிற சத்தம் கேட்டது. ஏணி மரம் கிறீச்சிட்டது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு கதவைத் திறந்தோம். கிணறு காலி. ஏணி முழுக்க ஈரம். கிணற்றில் இருந்து வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே ஓர் ஈரத்தடம் மலைப் பக்கம் போனது. அது ஏறியதை யாரும் பார்க்கவில்லை. நான் இந்த வேலையில் செய்த நல்ல காரியம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். அதையும் நான் பார்க்கவில்லை. ஊர்ப் பையன்களுக்கு ரொம்ப வருத்தம். "ஒரு வீடியோ கூட இல்ல" என்று ரொம்ப நாள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மலை எங்களிடமே இருந்தது. பழம் கொட்டிய வரப்பையும் கிணற்றையும் சேர்த்து சங்கத்தில் இருந்து சுவர் எழுப்பிக் கொடுத்தோம். வெங்கடேசு வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறு வருஷம் பழம் கண் திறந்தது. முதல் நாள் பறிப்பு. மலையடியில் நின்று கேட்டேன், "யாருக்கு யாரோட பேச்சில்ல?" வழக்கம்போலத் தரையைப் பார்த்தார்கள்.

பின்னால் ஒரு கை எழுந்தது. சுகுணா. கன்னத்தில் தழும்பு. முந்தானை தோளில் இருந்தது.

"எனுக்கு. எங்க அக்காவோட."

அந்தக் கேள்விக்கு வந்த முதல் பதில் அதுதான். மங்கம்மா தலை நிமிரவில்லை.

"சரி. நீ அந்தக் கோடி வரிசைக்குப் போயிடு" என்றேன்.

"வாணாம். பக்கத்துலயே போடு. பேசத்தான் வந்துக்கீறேன்."

ஏறினோம். நான் அவர்கள் இரண்டு பேருக்கும் கொஞ்சம் கீழே நின்றேன். முதலில் சுகுணா குரல்தான்.

"உங்க ஆடு என் எலைய துன்னுச்சி."

"துன்னுச்சி" என்றாள் மங்கம்மா, புதருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து.

"இறுக்கிக் கட்டியிருந்தா துன்னுமா?"

"கயிறு பழசு."

"ஒரு வார்த்த வந்து சொன்னியா?"

"சொல்லல."

"பொழு செத்துக் கெடந்தப்ப எட்டிப் பாத்தியா?"

"செவுத்து மேலருந்து பாத்தேன்."

"பாத்துட்டு?"

"அழுதேன். உனுக்குக் கேக்காத மாரி."

மற்ற வரிசைகளில் சிரித்தார்கள். "அடி, நல்லா கேளுடி" என்று ஒருத்தி எடுத்துக்கொடுத்தாள். "அந்த ஆட்ட அறுத்துப் பிரியாணி போடுங்கடி" என்றாள் இன்னொருத்தி. மலை முழுக்கச் சத்தம். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு சுகுணா கேட்டாள். குரல் உயரவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"அன்னிக்கி கரடிய நீ பாத்தியா, இல்லியா?"

சிரிப்பு நின்றது. பறிக்கிற சத்தமும் நின்றது. மலையில் அப்படி ஓர் அமைதி வரக்கூடாது. எனக்குக் கால் தரிக்கவில்லை. கையில் இருந்த கழியால் பாறையைத் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன்.

"பாக்கல" என்றாள் மங்கம்மா.

தட்டினேன்.

"அதோட வாட வந்துச்சி."

"எப்ப?"

"நீ கத்தறதுக்கு முந்தி."

"சொல்றதுக்கு இன்னா?"

"நான் சொன்னா, நான்தான் மொதல்ல பேசுனதா ஆயிடும்னு இருந்தேன்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. அங்கே இருந்தவர்களில் அப்படி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க மாட்டேன் என்று சொல்லக்கூடியவள் ஒருத்தியும் இல்லை. நான் தட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

கடைசியில் சுகுணா குரல் வந்தது.

"இப்ப எதுனா வாட வருதா?"

"இல்ல."

"வந்தா சொல்லு."

"சொல்றேன்."

"சத்தமா சொல்லு."

"சொல்றேன்டி."

ஒரு பழம் கூடையில் விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று.

அன்று இறங்கியதும் மங்கம்மா என்னிடம் வந்தாள். நாளையில் இருந்து அந்தக் கேள்வியை நான் கேட்கிறேன் என்றாள். சரி என்றேன். அன்றிலிருந்து அவள்தான் கேட்கிறாள். எல்லாரும் பதில் சொல்கிறவரை கூடையைக் கையில் கொடுக்கமாட்டாள். வெயில் ஏறினால் ஏறட்டும். அவளை அவசரப்படுத்தாதீர்கள்.